முப்பத்து நான்காவது பிள்ளை

எங்கள் பள்ளியில் பேரிடர்ப் பாதுகாப்புக்கு நான்தான் பொறுப்பு. யாரும் என் தலையில் கட்டவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. நாமக்கல்லில் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்த சூட்டோடு சூடாக மற்ற ஆசிரியர்களை ஒரு வழி பண்ணிவிட்டேன். வகுப்புச் சுவர்களில் வெளியேறும் வழிக்கு அம்புக்குறி வரைந்தேன். மைதானத்து வேப்பமரத்தடியில் ‘கூடும் இடம்’ என்று பச்சை பெயின்டில் பலகை நட்டேன். கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிக்கொண்டேன். நீளமாக மூன்று முறை ஊதினால், பிள்ளைகள் பைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும். அங்கே அந்தந்த ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வைத்துத் தலைகளை எண்ணி, சரியாக இருந்தால் கையைத் தூக்க வேண்டும்.

எண்ணுவதில் நான் கறார். ஒருமுறை மூன்றாம் வகுப்பு டீச்சர் எண்ணாமலே கையைத் தூக்கிவிட்டார். “எண்ணாம கை தூக்கறதுக்கு நீங்க எதுக்குங்க, ஒரு குச்சிய நட்டு வெச்சாப் போதுமே” என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நியாயம் என் பக்கம் இருக்கும்போது இன்னும் நீளும்.

ஒத்திகைக்கு வராத ஒரே ஆள் சத்துணவு சமைக்கும் அக்கா. விசில் ஊதி, மொத்தப் பள்ளியும் மைதானத்தில் நிற்கும்போது, சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

“கொழம்பு அடிப்புடிச்சுக்குமுங்க டீச்சர்.”

“தீப்புடிச்சாலும் கொழம்புதான் முக்கியமாக்கா?”

“தீப்புடிச்சா வாரேனுங்க. இப்பப் புடிக்கலீங்களே.”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பொறுப்பாசிரியை என்ற முறையில் அவர் பெயரை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று நோட்டில் எழுதியும் வைத்தேன்.

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே பிரியும் ரோட்டில் எங்கள் பள்ளி. சுற்றிலும் மரவள்ளிக் காடு, அதைத் தாண்டினால் கோழிப்பண்ணைகள். நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போனால் ஆறு மாதம், எட்டு மாதம் வரமாட்டார். அம்மா விடிந்ததும் பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்விடுவார். இவள் தம்பியை எழுப்பி, குளிக்கவைத்து, அங்கன்வாடி திறக்கும்வரை காத்திருந்து அவனை விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வர முடியும். வந்து சேர எப்படியும் பத்து மணி ஆகிவிடும்.

ஆனால் வருகையை அதற்கு முன்பே செல்போனில் பதிந்து அனுப்ப வேண்டும். வராத பிள்ளையின் வீட்டு எண்ணுக்கு ஒரு மெசேஜ் போய்விடும். இவள் வீட்டு எண் என்று இருந்தது அப்பாவின் எண். எங்கேயோ ஒரு காட்டில் ரிக் ஓடும் சத்தத்துக்கு நடுவே மகள் பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தியைப் பார்த்தால், அந்த மனிதர் பண்ணை சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, மனைவியை வரச்சொல்லி, சூப்பர்வைசர் காதுபடவே திட்டித் தீர்ப்பார். அம்மாவிடம் போன் கிடையாது.

ஒரு நாள் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். முட்டைத் தட்டுகளின் வாடை புடவையில் இருந்தது.

“ஏனுங்க டீச்சர், புள்ள எப்படியும் வந்துருமுங்க. செத்த முன்னப்பின்ன ஆகும், அவ்வளவுதானுங்க. வந்துருச்சுன்னே போட்டு உட்ருங்க. அந்த மெசேஜ் போச்சுன்னா அங்கிருந்து பேசற பேச்சக் காது குடுத்துக் கேக்க முடியறதில்லீங்க.”

நான் யோசித்தேன். அந்தப் பெண் உண்மையில் விடுப்பே எடுப்பதில்லை. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். எப்படியும் வரப்போகிறவளை வந்ததாகப் போடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? மறுநாள் காலை, அவளுடைய காலி இடத்தைப் பார்த்தபடியே அவளை வந்ததாகப் பதிந்தேன். முதல் வாரம், அவள் வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்புறம் அதுவும் நின்றுபோனது. பாடத்துக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று அவள் பின்பக்கக் கதவால் நுழைந்து, கடைசி வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுவாள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். ஒரு குடும்பத்தின் சண்டையைத் தீர்த்துவைத்தோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டி ஊரின் மேல்நிலைத் தொட்டி நின்றது. அந்தப் பங்குனியில் அதன் அடியில் மலைத்தேனீ கூடு கட்டியது. முதலில் கையகலம் இருந்தது, பத்து நாளில் முறம் அளவுக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியையிடம் சொன்னேன். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது, பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமை வந்து எடுத்துவிடுவார்கள் என்றார். அன்று வியாழக்கிழமை.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளியே ஏதோ இரைச்சல். நெடுஞ்சாலையில் லாரி போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் லாரியின் சத்தம் வந்தால் போக வேண்டும். இது போகவில்லை, ஏறிக்கொண்டே வந்தது. சன்னலோரத்தில் இருந்த பையன் கழுத்தில் அடித்துக்கொண்டு அலறினான். எட்டிப் பார்த்தேன். தொட்டிக்கும் மைதானத்துக்கும் நடுவே காற்றே கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. பருந்து ஒன்று கூட்டைக் கொத்திவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

என் கை தானாக விசிலுக்குப் போனது. ஆபத்து என்றால் விசில், விசில் என்றால் மைதானம். வருடம் முழுவதும் பிள்ளைகளுக்கு நான் ஊட்டியது அதைத்தான். விசில் உதட்டில் பட்டுவிட்டது.

“டீச்சர், ஊதாதீங்க! ஊதாதீங்க!”

எதிரே, சமையலறைச் சன்னலில் அந்த அக்கா. என் வகுப்புச் சன்னலுக்கும் அதற்கும் பத்தடிதான் இருக்கும்.

“ஒருத்தரும் வெளிய வராதீங்க! கதவு சன்னலெல்லாஞ் சாத்துங்க! வெளிய போனா புள்ளைங்கள மொச்சுப்போடுமுங்க!”

விசிலை விட்டேன். அன்று நான் ஊதியிருந்தால் இருநூறு பிள்ளைகள் வரிசை கலையாமல், நான் பழக்கியபடியே, தேனீக்களுக்கு நடுவே போய் நின்றிருப்பார்கள். 

இரண்டு கதவையும் சாத்தித் தாழ் போட்டேன். சன்னல்களை இழுத்து மூடினேன். ஒரு சன்னலில் கண்ணாடி இல்லை. பிள்ளைகளின் பைகளை வாரி அந்த ஓட்டையில் அடைத்தேன். எல்லாம் அரசாங்கம் கொடுத்த ஒரே மாதிரிப் பைகள், எது யாருடையது என்று தெரியாது. மின்விசிறியை நிறுத்தி, பிள்ளைகளைச் சுவரோரம் தரையில் உட்காரவைத்தேன். உள்ளே நுழைந்துவிட்ட ஏழெட்டுப் பூச்சிகளைச் செருப்பால் அடித்தேன். கொட்டு வாங்கிய பையன் அழுதான், அதைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். நான் அதட்டினேன். அதட்டத்தான் எனக்குத் தெரியும்.

போன் அடித்தது. தலைமையாசிரியை எல்லா ஆசிரியர்களையும் ஒரே அழைப்பில் இணைத்திருந்தார். வகுப்பு வாரியாக எண்ணிக்கை கேட்டார். காலையில் அனுப்பிய வருகைக் கணக்கு அவர் கையில் இருந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். “இருபத்தெட்டு, எல்லாரும் இருக்காங்க மேடம்” என்றார் மூன்றாம் வகுப்பு டீச்சர், நிதானமாக.

நான் எண்ணினேன். முப்பத்து மூன்று. மறுபடி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிச் சொன்னேன். முப்பத்து மூன்று.

“ஏம்மா, உன் வகுப்புல முப்பத்து நாலு வந்ததா போட்டிருக்கியே” என்றார் தலைமையாசிரியை.

அப்போதுதான் கடைசி வரிசையில் இருக்க வேண்டியவளைத் தேடினேன். இல்லை.

“அவ எங்கே? யாராச்சும் பாத்தீங்களா?”

“வரவே இல்லீங்க டீச்சர்” என்றாள் ஒருத்தி.

“இல்லீங்க டீச்சர், இன்டர்வல்ல குழாய்கிட்ட நின்னாளுங்க” என்றான் ஒருவன்.

“அது நேத்துடா.”

“இன்னைக்குத்தான்.”

பைகளை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. காதில் போன், போனில் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணாமல் கை தூக்கியதற்காக நான் மானத்தை வாங்கிய அந்த டீச்சரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஒரு புள்ள கொறையுதுங்களா?” சமையலறைச் சன்னலை விரல்கடை திறந்து அந்த அக்கா கேட்டார். பை அடைத்த ஓட்டை வழியாக என் சத்தம் அவர்வரைக்கும் போயிருக்கிறது.

“ஆமாங்க அக்கா.”

“செத்த முன்ன கக்கூஸ் கதவு அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க. காத்தா, புள்ளையான்னு தெரியலீங்க.” ஒரு நொடி நிறுத்தினார். “அந்தப் புள்ள இன்னிக்கு வந்துச்சுங்களா? நெசமா வந்துச்சுங்களா?”

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், வந்தாளா என்றே தெரியாத பிள்ளையை எப்படி வந்ததாகப் போட்டாய் என்ற கேள்வி வரும். போனில் அது எல்லோருக்கும் கேட்கும். நான் பயந்தேன். தேனீக்கு அல்ல.

“வந்துருக்கா” என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அரிசிச் சாக்கு இரண்டைச் சமையலறைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பது தெரிந்தது. ஒன்றைத் தலையோடு சேர்த்து முகத்துக்கு இழுத்துவிட்டு, இன்னொன்றைத் தோளில் போர்த்திக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே வந்து திரும்பச் சாத்தினார். ஓடவில்லை. ஓடினால் துரத்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கழிப்பறைக்கு அங்கிருந்து நாற்பது தப்படி. தலை குனிந்து, அளந்து வைப்பதுபோல நடந்தார். ஈரச் சாக்கின்மேல் பூச்சிகள் உட்காருவதும் எழுவதுமாக இருந்தன.

பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் இரண்டு கதவுகள். இரண்டையும் திறந்தார். “கண்ணு! சாமி! எங்க சாமி இருக்கற?” என்று அவர் கூப்பிடுவது கேட்டது. வெளியே வந்தார். என் சன்னலைப் பார்த்து, யாரும் இல்லை என்று கையை விரித்தார்.

“வந்துடுங்க அக்கா! போதும், வந்துடுங்க!” என்று கத்தினேன். மூடிய கண்ணாடிக்கும் அந்த இரைச்சலுக்கும் அப்பால் என்ன கேட்டிருக்கும்?

அவர் திரும்பவில்லை. கழிப்பறைக்குப் பின்னால் போனார். அங்கிருந்து விறகு அடுக்கின் மறைவுக்கு. பிறகு சுற்றுச்சுவரை ஒட்டியே நடந்தார். ஒரு பிள்ளை பயந்தால் எங்கெல்லாம் போய் ஒடுங்கும் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். இருக்கும் பிள்ளையைத் தேடினால் ஏதோ ஓரிடத்தில் தேடல் முடிந்துவிடும். இல்லாத பிள்ளையைத் தேடுகிறவர் எந்த இடத்தில் நிறுத்துவார்? கடைசியில் தொட்டிக்கு அடியில், மோட்டார் இருக்கும் பள்ளத்துக்குப் போனார். கூடு நேர் மேலே இருந்தது. பள்ளத்துக்குள் இருட்டு. குனிந்து பார்ப்பதற்காக முகத்திலிருந்த சாக்கைத் தூக்கினார்.

அதற்குமேல் நடந்ததை நான் பார்த்தேன், எழுத முடியவில்லை. கையை வீசிக்கொண்டு பத்தடி வந்தார். உட்கார்ந்தார். சாய்ந்தார்.

தாழ்ப்பாளில் என் கை இருந்தது. “போகாதே” என்றார் தலைமையாசிரியை போனில். “முப்பத்து மூணு பிள்ளைங்க உன்கிட்ட இருக்கு. கதவைத் திறக்காதே. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு.” அவர் சொன்னது முறைப்படி சரி. நான் படித்த பயிற்சிக் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. நான் திறக்கவில்லை. முறைப்படி நடந்துகொண்டேன் என்பதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

பக்கத்து மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் காய்ந்த சோளத்தட்டைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டே சுவரேறி வந்தார்கள். அவரைச் சாக்கோடு சுருட்டித் தூக்கிப்போனார்கள். தீயணைப்பு வண்டியும் வந்தது. கதவைத் திறக்கலாம் என்று சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பள்ளி கேட்டில் ஊரே கூடிவிட்டது. பிள்ளைகளை வரிசையாக வெளியே கூட்டி வந்தேன். முன்னால் வந்த ஒருத்தி கையை நீட்டினாள்.

“டீச்சர், அவ அங்க நிக்கறாளுங்க.”

கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். பூப்போட்ட பழைய கவுன், எண்ணெய் வைக்காத தலை. இடுப்பில் தம்பி, அவன் நெற்றியில் ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் பயந்து, நான் கேட்காமலே சொன்னாள்.

“தம்பிக்குக் காச்சலுங்க டீச்சர். அதனால ஊட்டுலயே இருந்துட்டனுங்க.”

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவை நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள், பிழைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. அன்றே தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ‘சமையலர், பிள்ளைகள் எவரேனும் இருக்கக்கூடும் என்று தாமாகவே எண்ணிக் கழிப்பறையைப் பார்வையிடச் சென்றார்.’

“பிள்ளை காணோம்னு நாம பேச்சே எடுக்க வேண்டாம்மா. நீ வராதவளை வந்ததா போட்டது தெரிஞ்சா உன் வேலைக்கே ஆபத்து. அவங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது. நீயே போய் வாங்கிட்டு வந்துடு.”

மறைப்பானேன், அந்த வாக்கியத்தைப் படித்ததும் எனக்கு மூச்சே திரும்பி வந்தது.

மதியம் போனேன். அவர் முகம் அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடியே இருந்தது, உதடு தடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். வேண்டாம் என்று தோளைப் பிடித்தேன்.

“அந்தப் புள்ள கெடச்சுதுங்களா டீச்சர்?”

மூன்று நாளில் அவரிடம் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. நினைவு வரும்போதெல்லாம் அதையேதான் கேட்டாராம். உளறுகிறார் என்று வீட்டார் நினைத்திருக்கிறார்கள்.

“நல்லா இருக்கா” என்றேன்.

“எங்க இருந்துச்சுங்க? நானு எல்லா எடமும் பாத்தனே.”

பைக்குள் தாள் இருந்தது. அதை எடுத்தேன். என்ன அது என்றார். பள்ளியிலிருந்து கொடுத்தது, கையெழுத்து வேண்டும் என்றேன். படிக்கச் சொன்னார். படித்தேன். ‘தாமாகவே எண்ணி’ என்ற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். அவர் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ அன்னைக்கு வரவே இல்லீங்க அக்கா” என்றேன். “தெனமும் லேட்டா வருவா. வருவான்னு நானே வந்ததா போட்டுருவேன். அன்னைக்கும் போட்டுட்டேன். நீங்க கேட்டப்ப அவ வந்தாளா இல்லையான்னு எனக்கே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.  பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“தெரியலைன்னு சொல்லியிருந்தாலும் போயித்தான் இருப்பனுங்க டீச்சர்” என்றார். குரலில் கோபம் இல்லை, மரியாதைகூடக் குறையவில்லை. “கக்கூஸ்ல பாத்துட்டுத் திரும்பியிருப்பேன். நீங்க வந்துருக்கான்னு சொன்னீங்க. அப்பறம் எப்படீங்க புள்ளையில்லாமத் திரும்பறது?”

 அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தாளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“குடுங்க, எங்க போடோணுமுங்க?”

வீங்கிய விரல்கள் மடங்கவில்லை. தாளைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தேன். பேனாவை நான் கொடுக்கவில்லை.